வாசலில் வேறொருவரின் ஷூ

எங்கள் வீட்டை நாங்களே தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வெளிநாட்டில் லின்ஸ் நகரத்தில் இருக்கும் என் மகள் ஜெனிதா பணம் கட்டியிருந்தாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சரயேவோவில் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய ஹோட்டலை நாங்கள் இத்தனை வருடமும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். என் கணவன் ராசிம் டிராம் ஓட்டிய காலத்தில் தினமும் அதன் முன்னால் மணியடித்துக்கொண்டு போயிருக்கிறான். உள்ளே போகவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. இப்போது உள்ளே வந்து, நான்காவது மாடியில் திரையை விலக்கினால், எதிரே மலைமேல் எங்கள் குடியிருப்பு, வ்ராட்னிக் மஹல்லா. அதில் பச்சை இரும்புக் கதவும் ஒரு பிளம் மரமுமாக எங்கள் வீடு.

"பால்கனில துணி காயுது. எடுக்காம வந்துட்ட," என்றான் ராசிம். ஓய்வெடுக்க வந்த இடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ராசிமை நான் அவன் இவன் என்று சொல்வதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரே தெருவில் மூக்கு ஒழுக விளையாடியவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகு திடீரென்று மரியாதை கொடுத்தால் அவனே பயந்துவிடுவான்.

எங்கள் திருமண நாளுக்கு ஜெனிதா கொடுத்த பரிசு இது. "ராணி மாதிரி இரும்மா. சமைக்காத, தொடைக்காத, கையக் கட்டிட்டு சும்மா இரு," என்றாள். சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு சூப் காய்ச்சியவள் நான். அது இருக்கட்டும். பரிசுக்குள் வேறொன்று இருந்தது. ஜெனிதா மாசமாக இருக்கிறாள், குளிர்காலத்தில் பிரசவம். நான் லின்ஸுக்கு வந்து, குழந்தை நர்சரிக்குப் போகிறவரை கூடவே இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். அதாவது மூன்று வருடம். ராசிம் அங்கே வரமாட்டான். ஒரு தடவை வந்தான். டிராம் நிறுத்தத்தில் நின்று அந்த ஊர் டிராம்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "சத்தமே இல்லாம ஓடுது, எனக்குப் புடிக்கல," என்று அந்த வாரமே பஸ் ஏறிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிவு சொல்லுங்க," என்று ஜெனிதா போனில் சொன்னாள். "உங்க மாப்பிள்ள கெர்ஹார்ட் இந்த வாரம் வேலையா ஸாக்ரெப்ல இருக்காரு. சரின்னா அப்படியே கார்ல வந்து உன்னக் கூட்டிட்டு வந்துருவாரு." போன் சத்தமாக வைத்திருந்ததால் ராசிமும் கேட்டான். எழுந்துபோய் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தான். ஒழுகவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். போகாதே. அவ்வளவுதான். பேத்தியோ பேரனோ, அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த மனிதன் வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் நான் எங்கேயும் போகமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால் போய்விடுவேன். தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்ய? கால்பந்து ஆட்டத்தில் நடுவரைத் திட்ட அவனுக்கு எத்தனை வார்த்தை வருகிறது! பெண்டாட்டியிடம் ஒன்று வராதா?

அறைக்கு வந்த உடனேயே முதல் குழப்பம். ராசிம் கதவுக்கு வெளியே நின்று ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ராசிம், இது ஹோட்டல்."

"ஹோட்டல்னா என்ன? இந்தத் தரையப் பாரு, நம்ம மெத்தைய விட மெத்துனு இருக்கு. இதுமேல ஷூவோட நடக்க நான் என்ன மாடா?"

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"இதையா?"

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அவன் சொன்னது நியாயம்தான். சாம்பல் நிறம், மேலெல்லாம் வெடிப்பு, ஒரு நாடா அறுந்து சாக்கு நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. தெருநாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். அவன் அதை வீட்டு வாசலில் வைப்பதுபோலவே, நுனி சுவரைப் பார்க்க, ஒழுங்காக வைத்தான். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. இதற்கென்றே வாங்கிய என் புது மெரூன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டுபோய், அலமாரிக்குள் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்தேன்.

எங்கள் ஊரில் வாசலில் கிடக்கும் ஷூவைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். யார் உள்ளே, யார் வெளியே, விருந்தாளி யார், காபிக்கு எத்தனை கோப்பை எடுக்கவேண்டும், எதையும் கதவைத் தட்டிக் கேட்கவேண்டியதில்லை. என் மாப்பிள்ளை கெர்ஹார்டுக்கு இது முதலில் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று ஷூவோடு நேராக என் கம்பளத்தில் ஏறி நடந்து சோபாவில் உட்கார்ந்தான். ராசிமின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அடுத்த தடவை கற்றுக்கொண்டு வாசலில் கழற்றிவைத்தான். அதைப் பார்க்கத் தெருவே வந்தது. கறுப்பு, அப்படி ஒரு பளபளப்பு. பக்கத்து வீட்டு ஃபஹ்ரா குனிந்து அதில் முகம் பார்த்துத் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அறையைப் பற்றி என்ன சொல்வது! விளக்கைப் போட்டால் திரை மூடியது. திரையைத் திறக்கப் போனால் எங்கிருந்தோ பாட்டு வந்தது. படுக்கையில் இத்தனை தலையணை எதற்கு என்று புரியாமல் பாதியை நாற்காலியில் அடுக்கினேன். ஜன்னலைத் திறக்கவே முடியாது. ராசிம் அதன் நாலு மூலையையும் தடவிப் பார்த்தான். கொக்கி இல்லை, கைப்பிடி இல்லை. "இது ஜன்னல் இல்ல, சுவத்துல மாட்டுன படம்," என்றான். வீட்டிலிருந்து நான் அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த கீரை வைத்துச் சுட்ட பித்தாவை இருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணுக்கு சிந்தாமல் இருக்கத் துண்டை விரித்துக்கொண்டு சாப்பிட்டோம். கீழே வெள்ளை மேசைவிரிப்பு போட்ட உணவகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் கேட்டேன். "ஜெனிதாவுக்கு என்ன சொல்றது?"

"உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

"எனக்குத் தோணறது இருக்கட்டும். உனக்கு என்ன தோணுது?"

"எனக்கா? இந்த ஜன்னல் தொறக்காதுன்னு தோணுது."

"ராசிம்!"

"என்ன ராசிம், ராசிம்? புள்ளைக்கு ஒத்தாசை வேணும்னா போ. நான் என்ன சின்னக் குழந்தையா? எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும்."

"மூணு வருஷம் முட்டை பொரிச்சே தின்பியா?"

"அது என் வயிறு," என்றான். டிவியைப் போட்டான். யாரோ இரண்டு ஊர்க்காரர்கள் பந்து விளையாடினார்கள். அவன் அதையே பார்த்தான். நான் அந்தத் தலையணை மலைக்கு நடுவே படுத்து, இந்த மனிதனுக்கு நான் வெறும் முட்டையா, அல்லது முட்டை பொரிக்கும் சட்டியா என்று யோசித்தேன். எனக்கு ரொம்ப வலித்தது. அதை மறைப்பானேன்?

மறுநாள் காலை அவன் எழுந்து, போர்வையை இழுத்துவிட்டுப் படுக்கையைச் சரிசெய்தான். நான் குளியலறையைத் துடைத்தேன். சுத்தம் பண்ண வருகிற பெண்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பிறகு ஜெனிதா சொல்லியிருந்தாளே என்று, ஹோட்டல் கொடுத்த வெள்ளை அங்கியையும் வெள்ளைச் செருப்பையும் மாட்டிக்கொண்டு கீழே ஹம்மாம் என்கிற நீராவிக் குளியலுக்குக் கிளம்பினேன். ராசிம் சவரம் செய்துகொண்டிருந்தான். வாசலில் அவன் சாம்பல் ஷூ வைத்தது வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஹம்மாம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சூடான கல்லின் மேல் படுத்ததும் முதுகில் இருந்த பழைய சூப் அண்டாக்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, எதுவும் தீய்ந்துபோகவில்லை. ஆவிக்குள் கிடந்து ஒரு முடிவுக்கு வந்தேன். மேலே போவேன். ராசிமிடம் நேராகக் கேட்பேன், நான் இருக்கணுமா, போகணுமா என்று. அவன் மறுபடி ஜன்னலைப் பற்றிப் பேசினால் ஜெனிதாவைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடுவேன்.

ஈரத் தலையோடு நான்காவது மாடியில் லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். எங்கள் கதவின் முன்னால் வந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

ராசிமின் ஷூ இல்லை. அது இருந்த இடத்தில் வேறு ஷூ இருந்தது. கறுப்பு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. புது நாடா. மேலே மாட்டிய விளக்கு அதில் இரண்டு பொட்டாகத் தெரிந்தது.

அறை எண்ணைப் பார்த்தேன். எங்கள் அறைதான். உள்ளே டிவி சத்தம் கேட்டது. அப்படியென்றால் ராசிம் வெளியே போயிருக்கிறான், உள்ளே ஒரு விருந்தாளி உட்கார்ந்து டிவி பார்க்கிறான். இப்படி ஷூ போடுகிற மனிதன் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். கெர்ஹார்ட்.

நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லையே! யார் அவனைக் கூப்பிட்டது? நான் கூப்பிடவில்லை. ஜெனிதா ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள். மிச்சம் இருப்பது ஒரே ஆள். நேற்று ராத்திரி நான் தூங்கியதும் ராசிம் போனை எடுத்து, வந்து கூட்டிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஷூவை மாட்டிக்கொண்டு மலையேறி வீட்டுக்குப் போயிருக்கிறான். துணியை எடுக்கப் போனேன் என்று பிறகு சொல்வான்.

கோபம் வந்தது. போகாதே என்று சொல்லமாட்டான் என்று பயந்துகொண்டிருந்தேன். இப்படி ஆளை வரவழைத்து ஒப்படைத்துவிட்டுப் போவான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அட்டைச் சாவி அங்கிப் பையில்தான் இருந்தது. ஆனால் எப்படி உள்ளே போவது? ஈரத் தலை, வெறுங்கால் தெரிகிற அங்கி, உள்ளே மாப்பிள்ளை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிறான், அவன் முன்னால் காபி இல்லை. என் உலகமே கவிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் என் மூளை அதைத்தான் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பெண்களின் தலையெழுத்து அது. நான் திரும்பி லிஃப்டுக்குப் போனேன்.

வரவேற்பு மேசையில் அம்ரா என்ற பெண் இருந்தாள். முதல் நாள் எங்கள் பையை வாங்கிக்கொண்டு அன்பாகப் பேசியவள். என் அங்கியை மேலும் கீழும் பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

"காபி வேணும்மா," என்றேன். "செம்புப் பாத்திரத்துல போட்டது. மூணு கோப்பை."

"மூணா மேடம்? மேல ரூமுக்கா?"

"ஆமா. இல்ல. இங்க. இரு, யோசிக்கறேன். என் வீட்டுக்காரர் வெளிய போனத நீ பாத்தியா?"

"இல்லையே மேடம். காலைலேருந்து நான் இங்கதான் இருக்கேன்."

"அவர் ஷூ இல்லையேம்மா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "சரி, என் மாப்பிள்ளை எப்ப வந்தாரு?" என்று கேட்டேன்.

"உங்களத் தேடி யாரும் வரல மேடம்."

"வந்திருக்காரு. ஷூ இருக்கு."

"அவர் ஷூ இருக்கு, உங்க வீட்டுக்காரர் ஷூ இல்ல," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், ஏதோ கடினமான கணக்கைப் படிப்பதுபோல. "ஆனா அவர் வரல, இவர் போகல."

"அதேதான்," என்றேன்.

அவள் எங்கள் அறைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. எங்கள் இருவருக்கும் இன்னும் குழம்பியது. டிவி ஓடுகிறது, ஷூ இருக்கிறது, விருந்தாளியைக் காணோம். நான் கண்ணாடிச் சுவர் வழியாக மலையைப் பார்த்தேன். இந்தத் தாழ்வில் எங்கள் வீடு தெரியவில்லை. எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தின் கூரை மறைத்தது. தெரிந்திருந்தால் வாசலில் ஷூ இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். இவ்வளவு தூரத்திலிருந்து ஷூ தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த நேரம் லிஃப்ட் திறந்தது. ராசிம் வெளியே வந்தான். வெள்ளை அங்கி, வெள்ளைச் செருப்பு, தலையில் வெளியே போகும்போது போடும் கறுப்பு வட்டத் தொப்பி. மீசை ஒரு பக்கம் துடித்தது. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள். நாங்கள் இருவரும் பளிங்குத் தரையின் நடுவில், தப்பி வந்த ஆஸ்பத்திரி நோயாளிகள் மாதிரி, எதிரெதிரே நின்றோம்.

"எங்க அவன்?" என்றான்.

"எவன்?"

"நடிக்காத பெஹியா. மாப்பிள்ள எங்க? ஷூவக் கழட்டிப் போட்டுட்டு எங்க போனான்? உன்கூடக் குளிக்க வந்தானா?"

"வாயக் கழுவு! அவன் உள்ள உக்காந்து டிவி பாக்கறான்."

"டிவி பாத்தது நான்! உன்ன ரொம்ப நேரமாக் காணோமேன்னு கதவத் தொறந்தா, வாசல்ல அவன் ஷூ. என் ஷூவக் காணோம். நான் பின்னால வரக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சுட்டான், அந்த நீட்டு மூக்கன்! நீ போன் பண்ணிக் கூப்புட்டுட்ட, இல்ல?"

"நானா கூப்புட்டேன்? நீதான கூப்புட்ட! எப்ப தொலைவான்னு காத்துட்டு இருந்த!"

"நானா?"

"நீதான்! போ, போன்னு நேத்தே சொல்லிட்ட. முட்டை பொரிக்கத் தெரியும்னு சொல்லிட்ட."

"எனக்கு முட்டை பொரிக்கத் தெரியாது!" என்று ராசிம் கத்தினான். நிஜமாகவே கத்தினான். பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! அவன் கார எடுத்துட்டு வரட்டும். வந்து டிவிய எடுத்துக்கட்டும், சோபாவ எடுத்துக்கட்டும், வேணும்னா அந்தப் பிளம் மரத்தையும் வேரோட பிடுங்கிட்டுப் போகட்டும். உன்னத் தரமாட்டேன். எங்க அவன்? அவன் முகத்துல சொல்றேன். தரமாட்டேன்!"

அங்கே இல்லாத மாப்பிள்ளையிடம்தான் அந்தச் சொல்லை அவனால் சொல்ல முடிந்தது. பரவாயில்லை. அழுகை வந்தது. கூடவே, இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தாய் தடியா என்று கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் நான் அங்கியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அப்போது பார்த்து ஒரு பரிசாரகர் செம்புப் பாத்திரமும் மூன்று கோப்பையும் வைத்த தட்டோடு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் பக்கத்தில் நின்றார்.

அம்ரா மேசையிலிருந்து ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "சார், மேடம், ஒரு நிமிஷம். நீங்க ஷூவ வாசலுக்கு வெளிய வெச்சிருந்தீங்களா?"

"வேற எங்க வெப்பாங்க?" என்றான் ராசிம்.

"இங்க வெளிய வெச்சா, மெருகு போடக் குடுத்திருக்கீங்கன்னு அர்த்தம் சார். எங்க ஆளு எடுத்துட்டுப் போய் மெருகு போட்டு, நாடா மாத்தித் திருப்பி வெச்சிருப்பாரு. அது உங்க ஷூ சார்."

"என் ஷூ சாம்பல் கலரும்மா."

நாங்கள் மேலே போனோம். அம்ரா வந்தாள், தட்டோடு பரிசாரகரும் வந்தார், அவரை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ராசிம் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த ஷூவைத் தொடாமல் பார்த்தான். பாம்புப் புற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நான்தான் ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். உள்ளே பச்சைக் கம்பளித் துண்டு. அவனுடைய பழைய டிராம் கோட்டைக் கத்தரித்து, குளிருக்காக நானே அளவெடுத்து வைத்த உள்பட்டை. ஓரத்தில் என் தையல்.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஜெனிதாவின் கல்யாணத்துக்கு நான்தான் கடை கடையாக ஏறி இறங்கி இந்த ஷூவை வாங்கினேன். வாங்கியபோது கறுப்புதான். இதேபோலத்தான் பளபளத்தது. அன்றைக்கு இதைப் போட்டுக்கொண்டு இவன் என்னோடு ஆடவும் செய்தான், தப்புத் தப்பாக. அதற்குப் பிறகு வாசலில் தினமும் இதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. எப்போது சாம்பலாக மாறியது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ராசிம் காலை நுழைத்தான். கட்டைவிரல் எலும்பு புடைத்த இடத்தில் ஷூவும் புடைத்திருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. "என்னோடதுதான்," என்றான், ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல. கழற்றி மறுபடி வாசலிலேயே வைத்தான்.

அம்ராவும் பரிசாரகரும் தட்டை உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். கதவை மூடியதும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். நாங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். மூன்றாவது கோப்பை அப்படியே இருந்தது.

"கீழ சொன்னது நெசமா?" என்றேன்.

"எது?"

"ராசிம்."

அவன் கோப்பையைச் சுற்றினான், ஜன்னலைப் பார்த்தான், அது திறக்காது என்று மறுபடி சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். "வாசல்ல என் ஷூ மட்டும் தனியாக் கெடந்தா நல்லா இருக்காது பெஹியா," என்றான்.

நான் ஜெனிதாவைக் கூப்பிட்டேன். பிரசவத்துக்கு வருவேன், நாற்பது நாள் கழியும்வரை உன்னையும் பிள்ளையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வேன், அதற்குப் பிறகு எனக்கு என் வீடு இருக்கிறது என்றேன். கொஞ்சம் அழுதாள், பிறகு சரி என்றாள். கெர்ஹார்ட் எங்கே என்று சும்மா கேட்டேன். ஸாக்ரெப்பில், கூட்டத்தில், என்றாள். ஏன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ராசிம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நாப்பது நாள்," என்றான். "தாங்கலாம்." கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "போறப்ப உன் பழைய ஷூ ஒரு ஜோடிய வாசல்ல விட்டுட்டுப் போ."

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். செய்தித்தாளின் மேலிருந்த என் மெரூன் ஷூவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, அவனுடைய கறுப்பு ஷூவுக்குப் பக்கத்தில், நுனி சுவரைப் பார்க்க வைத்தேன். நிமிர்ந்தபோது கையில் துணிப்பையோடு ஒருவர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். மெருகு போடுகிறவராக இருக்கவேண்டும். விரலில் கறுப்புச் சாயம். என் ஷூவை எடுக்கக் குனிந்தார்.

"வேண்டாம்ப்பா, எடுக்காதீங்க," என்றேன். "இது மெருகுக்கு இல்ல."

"அப்ப வெளிய வெச்சிருக்கீங்களே மேடம்?"

"நாங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கோம், அதுக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.